நடப்பவர்கள் வாசல்

1

போலீஸ் வண்டி எங்களைக் கடந்து போய், சற்றுத் தள்ளி நின்று, தலையில் விளக்கைச் சுழலவிட்டபடி பின்பக்கமாகவே வந்தது. ஹூஸ்டன் நகரத்தின் தென்மேற்கில், ஒரு டயர் கடையைத் தாண்டியதும் நடைபாதை முடிந்துபோகும் இடம் அது. முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. சிமெண்ட் தளம் புல்லுக்குள் இறங்கி மறைந்துவிடும். அதற்கு அப்பால் புல்லில் நடக்கலாம், சாலையில் நடக்கலாம், அல்லது வந்த வழியே திரும்பலாம். நானும் மகள் அபிஷாவும் புல்லில் நடந்துகொண்டிருந்தோம். அவளுக்குப் பத்து வயது. பள்ளி விட்டு வீட்டுக்குப் போகிற நேரம். வெயில் கொளுத்தியதால் கறுப்புக் குடை பிடித்திருந்தேன். மறு தோளில் அவளுடைய பை.

காவலர் இறங்கி வந்தார். இளைஞர், மரியாதையானவர்.

"எங்கே போகிறீர்கள்?"

"சும்மா, இப்படித்தான்" என்றேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் சொன்ன ஆள் மார்த்தாண்டத்துக்காரன். எங்கள் பக்கத்தில் வழியில் போகிறவரை நிறுத்தி 'எங்கே' என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் நடக்காது என்று எண்ணம். "தூரமாட்டா?" என்பார்கள், தூரமாகவா போகிறீர்கள் என்று. அதற்கு "சும்மா, இப்பிடி" என்பது பதில். பெண் பார்க்கப் போகிறவரும் அதையே சொல்வார், கோர்ட்டுக்குப் போகிறவரும் அதையே சொல்வார். கேட்டவர் தலையாட்டிவிட்டுத் தன் வழியே போவார். இத்தனை வருடம் அமெரிக்காவில் இருந்தும், சாலையில் ஒருவர் கேட்டவுடன் என் வாயில் அதுவே வந்தது.

காவலர் தலையாட்டவில்லை.

"இப்படி என்றால் எப்படி?"

கையை நீட்டி முன்னால் காட்டினேன். கூடவே சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் என்னை விட்டுவிட்டு அபிஷாவின் முன் குனிந்தார்.

"இவரை உனக்குத் தெரியுமா?"

"என் அப்பா" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "வீட்டுக்குப் போகிறோம். எங்களிடம் கார் இல்லை."

காரில் போன யாரோ ஒருவர் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். கறுப்புக் குடை பிடித்த ஆள் ஒரு குழந்தையைச் சாலையோரமாக எங்கோ கூட்டிப் போகிறான் என்பது புகார். செய்தியாகப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. காவலர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நன்றி என்றேன். அபிஷா அந்த வண்டியின் மூடிய கண்ணாடிகளைப் பார்த்தாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்திருக்கும். நாங்கள் நடந்தோம். அடுத்த சிக்னல் வரை போலீஸ் வண்டி எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். கோபம் வந்தால் அவள் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். ஊர் வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன்.

"அது ஒரு பதிலே இல்ல."

"ஆமா. அங்க அது ஒரு கேள்வியும் இல்ல."

"இது அங்க இல்லப்பா" என்றாள். 

2

மார்த்தாண்டத்துக்குப் பக்கம் பிறந்து, நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தவன் நான். என் மனைவி ஷைலா செவிலியர். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் இங்கே வந்தோம். நான் வீட்டில் இருந்தபடி தமிழ்ப் பிரதிகள் திருத்துகிறேன். ஷைலா உடன் வேலை செய்யும் மலையாளிப் பெண்ணின் வண்டியில் மருத்துவமனைக்குப் போகிறாள், அது இல்லாத நாள் பேருந்தில். எங்களுக்குக் கார் இல்லை. வாங்க முடியாமல் இல்லை. எனக்கு ஓட்ட விருப்பமில்லை, அவளுக்கு ஓட்டப் பயம். இதற்குமேல் காரணம் எதுவும் கிடையாது. ஆனால் கேட்கிற எல்லோரும் காரணம் ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். கண்பார்வையா? பழைய வழக்கு ஏதாவதா? விசா பிரச்சினையா? விருப்பமில்லை என்றால் நம்புவதில்லை.

இந்த நகரத்தில் நடக்கிறவன் ஒரு முழு மனிதனாகக் கணக்கில் வர எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். வண்டி ஓட்டாதவருக்கும் அடையாள அட்டை வேண்டும். அதைத் தருவது ஓட்டுநர் உரிம அலுவலகம். அது நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறது, பேருந்து போகாத இடத்தில். வண்டி ஓட்டாதவன் என்று சான்று வாங்க, ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நான் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் நடந்து போய் வாங்கினேன். முகப்பில் இருந்த பெண் "வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நடந்து வந்தேன் என்றேன். அந்தப் பெண் பக்கத்து மேஜைக்காரரிடம் அதைச் சொல்ல, அவர் எழுந்து என் செருப்பைப் பார்த்தார்.

இன்னொரு தடவை ஷைலாவுக்குக் காய்ச்சல். மருந்துக் கடைக்குள் போகும் கதவை அடைத்திருந்தார்கள். வண்டியில் இருந்தபடி மருந்து வாங்கும் சன்னல் மட்டும் திறந்திருந்தது. வண்டிகளின் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு குரல், வாகனத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் என்றது. "மருந்து வாகனத்துக்கு இல்லை, என் மனைவிக்கு" என்றேன். பின்னால் நின்ற லாரிக்காரர் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மருந்து வந்தது.

நடப்பதில் எனக்குப் பெருமை ஏதும் கிடையாது. ஆனால் நிருபராக இருந்தபோது ஒன்று தெரிந்துகொண்டேன். சிவராத்திரிக்கு எங்கள் மாவட்டத்தில் சிவாலய ஓட்டம் உண்டு. முன்சிறையில் தொடங்கி பன்னிரண்டு சிவன் கோவில்களைக் காவித்துணியும் பனையோலை விசிறியுமாக ஓடியும் நடந்தும் சுற்றி வருவார்கள். அதை எழுத அலுவலகம் ஜீப் தந்து அனுப்பியது. ஜீப்பில் இருந்து எனக்குத் தெரிந்தது முதுகுகள்தான். பாதி வழியில் இறங்கி அவர்களோடு நடந்தேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்கோவில் பையனான என் கையிலும் ஒருவர் விசிறியைக் கொடுத்துவிட்டு, "வீசிக்கிட்டு வா மக்கா, கொதிக்கும்" என்றார். எங்கள் சபையைச் சேர்ந்த வீட்டுக்காரர் ஒருவர் முற்றத்தில் பானை வைத்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "நீயும் ஓடுதியா? பாஸ்டர்ட்ட சொல்லட்டா?" என்று சிரித்தார். மறுநாள் வந்த செய்தியில் அந்த மோரும் இருந்தது. ஜீப்பில் இருந்திருந்தால் இருந்திருக்காது. அவ்வளவுதான். எனக்கு அந்த வேகம் போதும்.

3

போலீஸ் மறித்த இரண்டொரு நாளில் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது.

இங்கே பள்ளி விடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வருவதில்லை. வாசலுக்கு முன்னால் கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியிலும் ஒரு எண் அட்டை தொங்கும். ஆசிரியை எண்ணைப் படித்து வாக்கி டாக்கியில் சொல்வார். உள்ளே அந்த எண்ணுக்குரிய பிள்ளையை எழுப்பி, ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்த இடத்துக்கு அனுப்புவார்கள். கார் வரும், கதவு திறக்கும், பிள்ளை ஏறும். பள்ளிப் பேருந்து தூரத்து வீடுகளுக்கு மட்டும். எங்களைப் போல நடக்கிற சிலருக்காகப் பின்பக்கத்தில் ஒரு சிறிய கேட் இருந்தது. நடப்பவர்கள் வாசல் என்று பெயர். அபிஷாவை நான் அங்கேதான் கூட்டிக்கொள்வேன். இன்னும் மூன்று நான்கு பிள்ளைகள் அந்த வழியே வருவார்கள். மாரிசோல் என்ற ஹோண்டுராஸ் நாட்டுப் பெண் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அங்கே காத்திருப்பாள். எனக்கு ஸ்பானியம் தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் குறைவு. வெயிலைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம்.

மின்னஞ்சலின் சாரம் இது: சமீபத்தில் ஒரு மாணவியின் பாதுகாப்புக் குறித்து வந்த அழைப்பை அடுத்து, நடப்பவர்கள் வாசல் மூடப்படுகிறது. இனிப் பிள்ளைகள் வாகனங்களில் மட்டுமே ஒப்படைக்கப்படுவார்கள்.

அந்த அழைப்பு என் குடையைப் பற்றியது. அந்தக் குடை மாரிசோலின் வாசலையும் சேர்த்து அடைத்துவிட்டது.

மறுநாள் முன்வாசலுக்குப் போய்க் கார் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன், பின்னால் ஒரு சிவப்புக் கார், நடுவில் நான். மின்னஞ்சலில் தந்திருந்த அபிஷாவின் எண்ணை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கழுத்தில் மாட்டியிருந்தேன். வேன் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன். ஆசிரியை என் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வண்டி இருக்கிறதா என்று பார்த்தார்.

"சார், இது கார்களுக்கான வரிசை."

"என் மகள் உள்ளே இருக்கிறாள். கூப்பிடுங்கள்."

அவர் வாக்கி டாக்கியில் நெடுநேரம் பேசினார். சிவப்புக் கார் ஹாரன் அடித்தது. கடைசியில் அபிஷா கூம்பின் அருகே வந்தாள். கார்களுக்குள் இருந்த அவள் வகுப்புப் பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். அவள் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு, என்னைத் தெரியாதவள்போல முன்னால் நடந்தாள்.

அந்த வாரம் முழுவதும் அப்படியே நின்றேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, என் பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. மாரிசோல் கழுத்திலும் ஒரு அட்டை.

4

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஷைலாவின் அண்ணன் ஜெபசிங் வீட்டில் சாப்பாடு. மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். எங்கள் பக்கத்தில் மைத்துனர்கள் ஒருவரையொருவர் 'அளியா' என்றுதான் கூப்பிடுவோம். ஜெபசிங் ஒரு வீட்டைப் போன்ற பெரிய வண்டி வைத்திருக்கிறார். பழைய வண்டி ஒன்றும் அவர் வீட்டு முன்னால் கிடக்கிறது.

"என்ன அளியா, போலீசுகாரன் புடிச்சானாமே? நான் இங்க வந்த நாள்முதல் வண்டி ஓட்டுதேன், ஒருத்தன் கை காட்டினதில்ல. நடந்து போனதுக்குப் புடிபட்ட முதல் மார்த்தாண்டத்துக்காரன் நீதான் கேட்டியா."

"புடிக்கல. விசாரிச்சான்."

"இப்ப கழுத்துல போர்டு மாட்டிக்கிட்டு நிக்கியாமே. எனக்க கூட்டாளி மொபைல்ல படம் அனுப்பியிருக்கான். எலக்சன்ல நிக்கப் போறியோண்ணு கேக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அபிஷா சிரிக்கவில்லை.

"எனக்க பழைய வண்டி சும்மாதானே கெடக்கு. எடுத்துக்கோ மக்கா. லைசன்ஸ் எடுக்கது ஒரு காரியமா? ஊர்ல மாடு மேய்ச்சவன் எல்லாம் இங்க வந்து எடுத்துட்டான்."

"எனக்கு வேண்டாம் அளியா."

"செரி, ஒனக்கு வேண்டாம். பிள்ளைய நான் கூட்டியாறேன். எனக்கு அந்த நேரம் வேலை இல்ல. ஒரு வாரம் நான் வாறேன், பாப்போம்."

வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஷைலா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"ஒங்களுக்க நடப்பு ஒங்களோட நிக்கட்டு. நான் ஒண்ணும் சொல்லல்ல. அத பிள்ளைக்க தலையில கொண்டு வைக்காதிய. அவ இங்க வளருகவளாக்கும்."

அவள் கழுவி வைத்ததைத் துடைத்து அடுக்கினேன். ஜெபசிங்கின் கேலிக்கு என்னிடம் பதில் உண்டு, பள்ளிக்கும் உண்டு. இதற்கு இல்லை.

ஊரில் இதைப் படிக்கிற நீங்களும் ஜெபசிங் பக்கம்தான் நிற்பீர்கள் என்று தெரியும். போன தடவை ஊருக்கு வந்தபோது மார்த்தாண்டம் சந்திப்பில் பேருந்தை விட்டு இறங்கி, மேம்பாலத்துக்கு அடியில் நின்ற ஆட்டோக்களைத் தாண்டி, வீட்டுக்கு நடந்தேன். வழியில் பைக்கில் வந்த பழைய வகுப்புத் தோழன் ஒருவன் நிறுத்தினான். "என்னலே, அமெரிக்காக்காரன் நடந்தா போற? வேலை கீலை போச்சா?" நான் வீடு சேருவதற்குள் என் வேலை போய்விட்ட செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா வாசலில் நின்று அழுத குரலில் அதையே கேட்டாள். என் தம்பி பக்கத்து வளைவில் இருக்கும் வேதக்கோவிலுக்குக் காரில் போகிறான், அதை நிறுத்த இடமில்லாமல் வீட்டுக்குப் பக்கத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு நடந்து போகிறான். ஆகவே ஊரில் எல்லோரும் நடக்கிறார்கள், இங்கே யாரும் நடப்பதில்லை என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. இரண்டு இடத்திலும் நான் ஒரே மாதிரிதான் பார்க்கப்படுகிறேன்.

5

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்தார். உயரமான பெண்மணி. கோபப்படாமல் பேசினார். கார் வரிசையில் ஆட்கள் நிற்பது ஆபத்து என்றார். ஒப்புக்கொண்டேன். அந்தச் சாலையில் குழந்தையை நடத்திக் கூட்டிப் போவதும் ஆபத்து என்றார்.

"நீங்கள் அந்தச் சாலையில் நடந்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"தினமும் அந்த வழியாகத்தான் வருகிறேன்."

"நடந்து?"

 இப்போது வாருங்கள், டயர் கடை வரை போய்விட்டு வருவோம் என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் மேஜைக்கு அடியில் இருந்து தட்டையான செருப்பை எடுத்து மாற்றிக்கொண்டார்.

நடைபாதை முடியும் இடம் வந்ததும் நின்றார். ஒரு கனரக லாரி கடந்து போன காற்றில் அவர் கழுத்தில் மாட்டியிருந்த அட்டை முகத்தில் அடித்தது. "பார்த்தீர்களா, ஆபத்துதான்" என்றார்.

"ஆமாம். ஆனால் நானும் என் மகளும் யாரையும் இடிக்க முடியாது. ஆபத்து எங்கிருந்து வருகிறதோ அதை விட்டுவிட்டு எங்கள் வாசலை அடைத்திருக்கிறீர்கள். நகராட்சிக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மாரிசோலும் போடுவாள்."

திரும்பும்போது அவர் என் குடைக்குள் நடந்தார். அலுவலக வாசலில் வந்ததும் சொன்னார்: "வாசலைத் திறக்கிறேன். பெரிய பிள்ளைகளாக இருந்தால் ஒரு நிபந்தனை. பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. நடக்க விருப்பம் என்று பிள்ளையும் சொல்ல வேண்டும். உங்கள் மகள் போன வாரம் முழுக்க பள்ளியில் யாரிடமும் பேசவில்லை. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

அன்று மாலை அபிஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மாமா வண்டி முன்வாசலில் நிற்கும், நான் பின்வாசலில் நிற்பேன், நீ டீச்சரிடம் எதைச் சொல்கிறாயோ அது என்றேன். அவள் கையில் இருந்த பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

"நான் மாமாகூட போனா நீங்க திரும்பவும் போர்டு மாட்டுவீங்களா?"

"மாட்ட மாட்டேன்."

"தனியா நடந்து வருவீங்களா?"

"ஆமா."

பென்சில் தூளைக் கையில் கூட்டி எடுத்தாள்.  ஷைலா அடுக்களையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

மறுநாள் பின்வாசலில் நின்றேன். கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். பூட்டு சங்கிலியோடு ஒரு பக்கம் தொங்கியது. மாரிசோல் தள்ளுவண்டியோடு வந்திருந்தாள். "வெயில்" என்றாள். "வெயில்" என்றேன். கம்பி வேலியின் வழியே முன்வாசல் வரிசை ஒரு மூலையில் தெரியும். அதில் ஜெபசிங்கின் வண்டி கறுப்பாக நின்றது.

மாரிசோலின் மகன்கள் வந்தார்கள். இன்னொரு சிறுமி வந்தாள், அவள் அக்கா கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்ற ஆசிரியை கையில் இருந்த தாளைப் பார்த்தார். நான் ஜெபசிங்கின் வண்டியைப் பார்த்தேன். அது கூம்பின் பக்கம் போய் நின்றது. கதவு திறந்ததா என்று அங்கிருந்து தெரியவில்லை. பிறகு நகர்ந்து, வளைந்து, சாலையில் சேர்ந்து போய்விட்டது.

குடையை விரித்தேன். அப்போது கைப்பேசி அதிர்ந்தது. ஜெபசிங்.

"அளியா, எனக்க வண்டியில ஒருத்தரும் ஏறல்ல. டீச்சர் என்னமோ சொல்லி அனுப்பி வுட்டுட்டா. பிள்ள அங்க வந்தாளா?"

நிமிர்ந்தேன். நடைவழியின் கடைசியில் அபிஷா வந்துகொண்டிருந்தாள். அவசரம் இல்லை. சிரிப்பும் இல்லை. என் அருகே வந்து பையைக் கழற்றி நீட்டினாள். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"வந்தா" என்று சொல்லி வைத்தேன்.

அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். டயர் கடை தாண்டி, புல் தாண்டி, சிக்னல் வரை அப்படியே போனோம். அங்கே கடக்கும் விளக்குக்காக நின்றபோது ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. நான் அட்டை மாட்டி நின்ற நாட்களில் எனக்குப் பின்னால் நின்ற கார். பின்சன்னல் இறங்கியது. அபிஷாவின் வகுப்புச் சிறுமி ஒருத்தி தலையை நீட்டினாள்.

"அபிஷா! எங்கே போற?"

அபிஷா அவளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சும்மா" என்றாள் ஆங்கிலத்தில். "இப்படித்தான்."

நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்தது. சிவப்புக் கார் நின்றது. நாங்கள் கடந்தோம்.